வேகாஸ், மக்காவ், சிங்கப்பூர், ஆன்லைன்: எந்த மேஜையை நம்பலாம்?

வெளிநாட்டு கேசினோ என்றதும் முதலில் எழும் சந்தேகம், சீட்டில் குறி வைத்திருப்பார்களோ, சக்கரத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ என்பதுதான். முறையான லைசென்ஸ் உள்ள பெரிய கூடங்களில் அந்தப் பயம் பெரும்பாலும் வீண். ஒற்றைப் பூஜ்ஜிய ரூலட் சக்கரத்தில் 37 குழிகள். எண் விழுந்தால் ஒன்றுக்கு 35தான் தருவார்கள். அந்த இடைவெளியிலேயே பந்தயப் பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம் கூடத்துக்குப் போய்விடுகிறது. இரட்டைப் பூஜ்ஜியம் என்றால் 5.26. சட்டப்படியே இவ்வளவு வரும்போது லைசென்ஸைப் பணயம் வைத்து எதற்குத் திருட வேண்டும்? அதனால் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: ஆட்ட விதி எவ்வளவு கறக்கிறது, தகராறு வந்தால் யாரிடம் போய் நிற்பது.

இரண்டாவது கேள்விக்கு லாஸ் வேகாஸில்தான் தெளிவான பதில் கிடைக்கிறது. அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் 1955 முதல் இயங்குகிறது. 500 டாலரோ அதற்கு மேலோ தகராறு என்றால் கேசினோவே வாரியத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். 2022 ஜனவரியில் ட்ரெஷர் ஐலண்ட் கேசினோவின் ஸ்லாட் மெஷின் ஒன்றில் சுமார் 2,29,000 டாலர் ஜாக்பாட் விழுந்தது. தகவல் தொடர்புக் கோளாறால் மெஷின் அதைக் காட்டவே இல்லை. ஆடியவரும் எழுந்து போய்விட்டார். வாரியத்தின் ஆட்கள் பல கேசினோக்களின் கேமரா பதிவுகளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, வாடகைக் கார் நிறுவனத்தின் விவரம் வரை துழாவி, வேறு மாநிலத்தில் இருந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

களங்கமே இல்லாத ஊர் என்று சொல்லவில்லை. அமெரிக்கன் காயின் நிறுவனத்தின் வீடியோ போக்கர் மெஷின்களில், மிகப் பெரிய பரிசு தரும் ராயல் ஃப்ளஷ் விழாதபடி புரோகிராம் எழுதப்பட்டிருந்தது 1980களின் இறுதியில் அம்பலமானது. வாரியத்தில் மெஷின்களைச் சோதிக்கும் வேலை பார்த்த ரான் ஹாரிஸே அவற்றில் கைவைத்து 1995இல் மாட்டினார். அவர் ஏமாற்றியது ஆட்டக்காரர்களை அல்ல, கேசினோக்களை!

வேகாஸ் சறுக்குவது முதல் கேள்வியில். 21 புள்ளி சேர்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில், முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் 2 டாலருக்கு 3 தந்த மேஜைகள் பலவற்றில் இப்போது 5 டாலருக்கு 6தான். மூன்று பூஜ்ஜிய ரூலட்டும் வந்துவிட்டது. அதில் கூடத்தின் பங்கு 7.69 சதவீதம். ஸ்லாட் மெஷின் திருப்பித் தர வேண்டிய சட்டப்படியான குறைந்தபட்ச விகிதம் 75தான். எல்லாம் நேர்மையாகவே நடக்கும், பை மட்டும் சீக்கிரம் காலியாகும்.

மக்காவ் என்றால் பாக்கரா: ‘பேங்கர்’, ‘பிளேயர்’ என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பணம் கட்டும் சீட்டாட்டம். பேங்கர் பக்கம் கட்டினால் கூடத்துக்கு 1.06 சதவீதம், பிளேயர் பக்கம் 1.24. மேஜை ஆட்டங்களில் இது மலிவானவற்றில் ஒன்று. ‘டை’, அதாவது இரு பக்கமும் சமமாகும் என்று கட்டுகிறவருக்கு மட்டும் 14 சதவீதத்துக்கு மேல் போகும். பெரிய தொகை கட்டியவர் சீட்டைக் கையில் வாங்கி, ஓரத்தை மெல்ல மடக்கி, புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிவரும்படி பிழிந்து பார்ப்பார். சிலர் ஊதக்கூடச் செய்வார்கள். கசங்கிய சீட்டு மறுபடி ஆட்டத்துக்கு வராது என்பதால், குறி வைத்திருப்பார்களோ என்ற கவலைக்கே அங்கே இடமில்லை.

ஆபத்து மேஜைக்கு அடியில் இருந்தது. மேலே கட்டுவது ஒரு தொகை, பணக்கார ஆட்டக்காரர்களை அழைத்துவரும் தரகரோடு வாய்ப்பேச்சாக முடித்துக்கொள்வது அதைப்போலப் பல மடங்கு. இது உள்ளிட்ட குற்றங்களுக்காகத்தான் அப்படிப்பட்ட தரகு நிறுவனமான சன்சிட்டியின் தலைவர் ஆல்வின் சௌ என்பவருக்கு 2023 ஜனவரியில் 18 ஆண்டு சிறை விதித்தார்கள். ஏய்க்கப்பட்டது அரசின் வரி. ஆனாலும் கணக்கிலேயே ஏறாத பந்தயத்தில் ஜெயித்தவர் எந்த அதிகாரியிடம் போய்ப் புகார் கொடுப்பார்?

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பெருமை. இரண்டே கேசினோ, இரண்டும் 2010இல் திறந்தவை. ஆட்ட விதிகளுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு இலவசமாக உள்ளே போகலாம். எதையும் ஆராயாமல் ஒரே இடத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆன்லைன் கதை வேறு. 2007இல் அப்சலூட் போக்கர் தளத்தின் டோர்னமென்ட் ஒன்றில் தோற்றவர், ஆட்ட விவரம் கேட்டு எழுதினார். வந்த ஃபைலில் எல்லாருடைய மூடிய சீட்டுகளும் இருந்தன. அதைக் குடைந்தவர்கள் கண்டது: ஆட்டம் தொடங்கியதும் ‘பார்வையாளர்’ ஒருவர் மேஜைக்கு வருகிறார், அதன்பின் ஒரு ஆட்டக்காரர் மட்டும் தவறே செய்வதில்லை. மற்றவர் சீட்டுகளைப் பார்க்கும் வழி உள்ளிருந்தே திறந்துவிடப்பட்டிருந்தது. மோசடியைப் பிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான்.

ஃபுல் டில்ட் என்ற இன்னொரு போக்கர் தளத்தில் பிரச்சினை சீட்டில் இல்லை, கல்லாவில். 2011இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்ன கணக்குப்படி, அந்த மார்ச்சில் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. ஆல்டர்னி தீவின் லைசென்ஸ் இருந்தும் இந்த நிலை.

கரீபியன் தீவான குராசாவ் தரும் லைசென்ஸ் இன்னும் பலவீனமாகத்தான் இருந்தது: நான்கு தலைமை உரிமதாரர்கள், அவர்களிடம் துணை உரிமம் வாங்கிய எண்ணற்ற தளங்கள். புகார் யாரிடம் என்பதே குழப்பம். 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டம் துணை உரிம முறையை ஒழித்து, நேரடி லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முத்திரையை நம்பாமல், உரிமம் தந்த ஆணையத்தின் சொந்தப் பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போடும் முன் போனஸ் நிபந்தனையையும், ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் படியுங்கள். ஆட்டம் கலப்படமற்றது என்பதை ஹாஷ் (முடிவைப் பின்னால் மாற்ற முடியாதபடி முன்கூட்டியே பூட்டிவைக்கும் கணிதக் குறியீடு) போட்டு நிரூபிக்கும் கிரிப்டோ தளங்களிலும் இதைச் செய்தாக வேண்டும். ஜெயித்த பணத்தைக் கொடுப்பார்களா என்பதை அந்த ஹாஷ் சொல்லாது.