மதுரையில் கார் ஏசி பழுது பார்ப்போர் கவனத்திற்கு: கிளட்ச் கோளாறுக்குக் கம்ப்ரஸர் விலை

காரின் ஏசி காலையில் நன்றாகக் குளிர்ந்து, வெயில் ஏறி வண்டி சூடானதும் வெதுவெதுப்பான காற்றை மட்டும் தந்து, சற்று நேரம் நிறுத்தி ஆறவைத்து எடுத்தால் மறுபடியும் குளிர்கிறது என்றால், அந்த வண்டியைக் கடையில் விடுவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். இதே அறிகுறியோடு போன என்னிடம் மதுரையில் உள்ள ஒரு கார் ஏசி கடை 24,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை மாற்றாமலேயே மாற்றியதாகச் சொல்லி அனுப்பியது. உண்மையான பழுதோ, கேஸ் குழாய் ஒன்றைக்கூடத் தொடாமல், எங்கள் வீட்டு வாசலில் வைத்து ஒரு மெல்லிய வாஷரை எடுத்ததில் தீர்ந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களும் அவற்றில் எது பொய் என்பதும் தெரிந்தால் போதும். வேறு கடையிலும் இதே பேச்சுதான் பேசுவார்கள்.

எட்டு ஆண்டு ஓடிய சிறிய கார் அது. புரட்டாசி வெயிலில் தேனிக்குப் போகும்போது உசிலம்பட்டி தாண்டியதும் ஏசி குளிர்வதை நிறுத்திவிடும். ஆண்டிபட்டியில் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினால் எதுவுமே நடக்காததுபோல வேலை செய்யும். ஊருக்குள் கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அப்படித்தான். கடையில் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அங்கிருந்தவர் இரண்டு மானிகள் கொண்ட கேஜைக் குழாயில் மாட்டி, இரண்டு முள்ளும் ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் சமமாக நிற்பதைக் காட்டினார். “பாருங்க சார், ரெண்டும் ஒண்ணா நிக்குது. கம்ப்ரஸர் பம்ப் பண்ணவே இல்ல, உள்ளே ஜாம் ஆயிடுச்சு” என்றார். கருப்பு எண்ணெய் படிந்த துணி ஒன்றையும் காட்டி, உள்ளே இரும்புத் தூள் சுற்றுவதாகச் சொன்னார்.

முதலில் அந்தக் கேஜைப் பார்ப்போம். கம்ப்ரஸர் சுழலாத நேரத்தில் எந்தக் காரிலும் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகத்தான் நிற்கும். இன்றைய பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும், 35 டிகிரியில் சுமார் 114. ஆகவே அந்த முள்கள் காட்டியது ஜாமை அல்ல. கேஸ் முழுவதும் போய்விடவில்லை, கம்ப்ரஸர் அந்த நேரத்தில் ஓடவில்லை என்ற இரண்டு விஷயங்களை மட்டுமே காட்டின. ஏன் ஓடவில்லை என்பதைத்தான் அவர் அடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஜாம் என்ற பேச்சைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கம்ப்ரஸரின் முன்பக்கத் தட்டைக் கையால் திருப்பினால், லேசான இறுக்கத்தோடு அது சுற்றும். உண்மையிலேயே ஜாம் ஆகியிருந்தால் அசையாது. அதோடு, ஜாம் ஆன கம்ப்ரஸரில், அதைப் பெல்ட் சுழற்சியோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கும்போது பெல்ட் அலறும், சில சமயம் கருகும். எங்கள் வண்டியில் அப்படி ஒரு சத்தம் என்றைக்கும் வந்ததில்லை.

பெல்ட்டால் சுழலும் புல்லி இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸரின் தண்டோடு இணைந்திருப்பது அதன் முன்னால் உள்ள தட்டுதான். ஏசி பொத்தானை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) காந்தமாகி, தட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. அப்போது கேட்கும் ‘டக்’ என்ற சத்தம் அதுதான். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பெரும்பாலான சிறிய கார்களில் சுமார் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஒட்டி விலகித் தேய்வதால் இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். சூடு இதில் சேரும்போது காயிலின் செம்புக் கம்பியில் மின்தடை ஏறுகிறது. எங்கள் காயில் ஆறியிருக்கும்போது 3.6 ஓம் காட்டியது; செம்பு 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதுவே 4.4 ஓம் அளவுக்குப் போய்விடும், 12 வோல்ட்டில் பாயும் மின்னோட்டமோ 3.3 ஆம்பியரிலிருந்து 2.7 ஆகக் குறையும். காந்தத்தின் இழுப்பு அதைவிட வேகமாகக் குறைவதால், காலையில் எட்டிப் பிடித்த தூரத்தை மதியம் பிடிக்க முடிவதில்லை. ஆறவைத்தால் ஏசி மறுபடி வருவதற்குக் காரணம் இதுதான். ஏசி வேலை பார்ப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த அறிகுறி இது. அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேஸை என் கண்முன்னேயே காற்றில் திறந்துவிட்டார்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்துச் சேமிக்கும் இயந்திரம் வைத்திருப்பதுதான் ஒழுங்கான கடைக்கு அடையாளம். மாலையில் வண்டியைத் திருப்பித் தந்தபோது கம்ப்ரஸர் கருகருவென்று மின்னியது. பழையதைக் கேட்டதற்கு, “அதை எக்ஸ்சேஞ்சுல அனுப்பியாச்சு சார்” என்றார்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு தாளில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாத வாரண்டி என்பது வாய்ப்பேச்சாகவே நின்றது.

அதன் பிறகு ஏசி ஒழுங்காக வேலை செய்ததற்கு அவர்கள் காரணமல்ல, ஐப்பசி மழைதான் காரணம். இன்ஜின் அறை முன்புபோல் சூடேறாததால் காயில் தட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பங்குனி வெயில் தொடங்கியதும் பழைய கதை அப்படியே திரும்பியது. கடைக்குப் போனால், வாரண்டி முடிந்துவிட்டது, இப்போது கண்டன்சரில் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) லீக், இன்னும் 9,000 ஆகும் என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருமங்கலத்தில் இருக்கும் என் மைத்துனர் டிராக்டர், மோட்டார் பம்பு வேலைகள் தெரிந்தவர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தையும் உள்தகட்டையும் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவர், “இது புதுசு இல்ல மச்சான், பெயிண்ட்தான் புதுசு” என்றார். கம்ப்ரஸரைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் பல வருடத் துருவும் மண்ணும் கலையாமல் இருந்தன. அவற்றில் ஸ்பேனரே பட்டிருக்கவில்லை. லேபிளின் மேல் அடித்திருந்த பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைத்தபோது தெரிந்த தயாரிப்பு ஆண்டும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டியின் ஆண்டும் ஒன்றாகவே இருந்தன. துடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டோம். பின்னால் இதைக் கடையில் கேட்டதற்கு, கம்பெனியில் புதுப்பித்து வரும் பீஸ் என்றால் பெயிண்ட் அடித்துத்தான் வரும் என்று பதில் வந்தது. போல்ட்டைக் கழற்றாமல் அந்தப் பீஸை எப்படி மாட்டினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

மைத்துனர் பார்த்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வண்டியை ஏசியோடு ஓடவிட்டு, குளிர்ச்சி நின்றதும் இன்ஜினை அணைத்தார். காயிலின் வயரை இணைப்பிலிருந்து பிரித்து, நடுவில் ஃபியூஸ் வைத்த ஒரு வயரால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தார், தட்டு அசையவில்லை. மின்சாரம் இருக்கும்போதே மரக்குச்சியால் தட்டை லேசாகப் புல்லியின் பக்கம் தள்ளினார். ‘டக்’ என்று பிடித்துக்கொண்டது. காயில் உயிரோடுதான் இருக்கிறது, இடைவெளிதான் அதிகம் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. சில காயில்களுக்குள் டயோடு இருக்கும் என்பதால், பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது இந்தக் குச்சி வேலையைச் செய்யவே கூடாது.

வண்டி ஆறிய பின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது இடைவெளி 0.9 மி.மீ. இருந்தது. தட்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றியதும், தட்டு தண்டிலிருந்து முன்னால் உருவிக்கொண்டு வந்தது. தண்டின் மேல் காகிதம்போல் மெல்லிய சிம் வாஷர்கள் இருந்தன. அவற்றில் 0.5 மி.மீ. கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டு, தட்டை மாட்டி, வட்டத்தில் மூன்று இடங்களில் அளந்தார். எல்லா இடத்திலும் 0.4. இது மிகவும் குறைந்துபோனாலும் ஆபத்துதான், ஏசி அணைந்த பிறகும் தட்டு புல்லியில் உரசி, சூடேறி, பேரிங்கைக் கெடுத்துவிடும். புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங்கில் கரகரப்பு எதுவும் இல்லை. செலவு என்று பார்த்தால் ஃபீலர் கேஜ் வாங்கிய காசு மட்டும்தான். சித்திரைத் திருவிழா வெயிலில், வண்டிகள் நகராமல் நின்ற தல்லாகுளம் சாலையிலும் ஏசி நிற்கவில்லை.

எல்லாக் கார்களுக்கும் இது பொருந்தாது. சில கம்ப்ரஸர்களில் சிம் வாஷரே இருக்காது, சில புதிய வகைகளில் கிளட்ச்சே கிடையாது. தட்டு தேய்ந்து பள்ளமாகியிருந்தால் கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கிளட்ச் பிடிக்காததற்கு ஃபியூஸ், ரிலே, கேஸ் குறைந்ததால் அழுத்த ஸ்விட்ச் தடுப்பது ஆகிய காரணங்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சூடு பார்த்து வந்து போவதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். குழாய் இணைப்புகளை வீட்டில் கழற்றவே வேண்டாம்: பீய்ச்சியடிக்கும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும்.

அந்தக் கடை ஏற்றிய கேஸின் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. எடைபோட்டு ஏற்றும் இயந்திரம் வைத்திருக்கும் வேறொருவரிடம் போனோம். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 450 கிராம் என்றிருக்க, இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்தபோது 600 கிராமுக்கு மேல் வந்தது. அளவுக்கு மீறிய கேஸ் கம்ப்ரஸரின் சுமையைக் கூட்டும், குளிர்ச்சியையும் குறைக்கும். அந்த எடைச் சீட்டையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறைதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பணத்தை யுபிஐ வழியாகக் கொடுத்திருந்ததால், அந்த ‘எஸ்டிமேட்’ தாள் செல்லாது என்று அவர்கள் பேச வழியில்லாமல் போனது.

வண்டியைக் கடையில் விடும்போது கம்ப்ரஸரின் லேபிளையும் தாங்கு போல்ட்டுகளையும் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகம் எதுவானாலும் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். கேஸைத் திறப்பதற்கு முன், கிளட்ச் இடைவெளி எத்தனை மி.மீ. என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மாட்டேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.