இரண்டு சர்வரிலும் ஒரே தரவுதானா? டிஎஸ்-ரெப்ல்செக் கருவி பற்றி

சென்னையில் கிண்டியிலும் சிறுசேரியிலும் ஒவ்வொரு சர்வரை வைத்து, ஊழியர் கணக்குகளை, பயனர் விவரங்களைச் சேமித்துத் தரும் 389 டைரக்டரி சர்வர் என்ற மென்பொருளில் பராமரித்து வருகிறோம். கிண்டியில் ஏற்கப்படும் பாஸ்வேர்டு சிறுசேரியில் மறுக்கப்பட்டால், நான் முதலில் நாடுவது அந்த மென்பொருளுடனேயே கிடைக்கும் டிஎஸ்-ரெப்ல்செக் கருவியைத்தான். ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரில் செய்த மாற்றத்தை மற்றதற்கும் நகலெடுக்கும் பணி) நிலையைக் காட்டும் திரை, கடைசியாக அனுப்பிய மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமே சொல்லும். இரு டேட்டாபேஸ்களிலும் உள்ள பதிவுகள் உண்மையில் ஒன்றா என்பதை ஒப்பிட்டுச் சொல்வது இந்தக் கருவி.

காணாமற்போன பதிவுகள், வேறுபடும் ஆட்ரிபியூட்டுகள் (ஒரு பதிவில் உள்ள தனித்தனி விவரங்கள்), ஒரே பெயரில் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவாக்கப்பட்டதால் எழுந்த முரண்பதிவுகள் ஆகியவற்றை இது தனித்தனியாகக் காட்டுகிறது. ஆனால், அறிக்கையில் வேறுபாடு கண்ட உடனேயே ஒரு சர்வரை முழுவதுமாக மறுபடி நிரப்பத் தொடங்குவது பெரும் அவசரம் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் வழியில் இருக்கும் மாற்றங்களும் வேறுபாடாகவே தோன்றும் என்பதால், இயல்பாக 300 விநாடிகள் வரையிலான தாமதத்தைக் கருவி பொறுத்துக்கொள்கிறது. சுமை மிகுந்த நேரத்தில் அந்த அளவைக் கூட்டிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே முறை. ஒருவர் எந்தக் குழுக்களில் உள்ளார் என்பதைச் சொல்லும் மெம்பர்ஆஃப் போன்ற ஆட்ரிபியூட்டை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்கி, ஒவ்வொரு சர்வரும் தானே கணக்கிடுமாறு அமைத்திருந்தால், ஒப்பீட்டிலிருந்தும் அதை விலக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை பயனற்ற வரிகளால் நிரம்பிவிடும்.

சர்வரின் பதிவுகளை எழுத்து வடிவில் வெளியே எடுத்த எல்டிஃப் கோப்புகளை வைத்து ஆஃப்லைனிலும் ஒப்பிடலாம். ரெப்ளிகேஷன் நிலைத்தகவலையும் (எந்த மாற்றம் எப்போது, எங்கே நடந்தது என்ற குறிப்புகள்) சேர்த்தே அந்தக் கோப்புகளை எடுக்க வேண்டும். அத்துடன் இரண்டையும் நெருங்கிய நேரத்தில் எடுப்பதும் அவசியம். பதிவுகள் மிகுதியாக உள்ள இடங்களில், ஒப்பிடும்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குக் கூடுதல் சுமை தராத இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. கருவி கண்டறிவதோடு நின்றுவிடுகிறது; எந்தப் பக்கத்துத் தரவு சரி என்பதை, ஒவ்வொரு மாற்றமும் தாங்கிவரும் சிஎஸ்என் எனும் அடையாள எண்ணில் பொதிந்துள்ள நேரத்தையும், மாற்றம் எந்தச் சர்வரில் தொடங்கியது என்பதைக் குறிக்கும் ரெப்ளிகா எண்ணையும் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு சர்வர்களை மட்டுமே ஒப்பிடும் என்பதால், நான்கு சர்வர்கள் இருந்தால் ஆறு ஜோடிகளைத் தனித்தனியாக ஓட்ட நேரும். இவை இரண்டையும் தாண்டி, பராமரிப்பு நேரத்தில் தவறாமல் ஓட்டத் தகுந்த கருவியாக இதையே தேர்ந்தெடுப்பேன்.