சொல்லிக்கொண்டே இருப்பதா, ஒரே தடவை மாற்றிவிடுவதா?

வீட்டுச் செலவைக் குறைப்பது என்று முடிவெடுத்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பழக்கம்: விளக்கை அணை, குழாயை இறுக்கி மூடு, ஆளில்லாத அறையில் விசிறி எதற்கு என்று கேள். மற்றொன்று பொருள்: விளக்கையும் விசிறியையும் குழாயின் வாயையும் ஒரே தடவை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார். நாங்கள் நெடுநாள் முதல் வழியில் போய்விட்டு இரண்டாவதற்கு வந்து சேர்ந்தவர்கள். ஆகவே என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான்; அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை.

பழக்கத்துக்குக் காசு வேண்டாம், பொருளுக்கு முதலில் கையைக் கடிக்கும். இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் காசு கேட்காத வழியும் வேறொன்றைக் கேட்கிறது: கண்காணிப்பு. எந்த வீட்டிலும் அணைக்கச் சொல்பவர் ஒருவர்; அணைக்க மறப்பவர்கள் மற்ற எல்லோரும். சொல்பவருக்கு வாய் வலிக்கும், கேட்பவர்களுக்குக் காது புளித்துப்போகும். அந்த ஒருவர் பத்து நாள் வெளியூர் போனால் பழக்கமும் அவரோடு சேர்ந்து கிளம்பிவிடும். மாற்றிய பல்புக்கு யாருடைய நினைவும் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பக்கம் மாறினேன். மற்றதெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறக்குறைய 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. குண்டு பல்பைக் கண்ணும் கருத்துமாக நாளுக்கு 5 மணி நேரம் மட்டும் எரித்தால் 300 வாட்-மணி. எல்இடி பல்பை அணைக்கவே மறந்து 24 மணி நேரமும் எரியவிட்டால் 216. சிக்கனக்காரரின் குண்டு பல்பை ஊதாரியின் எல்இடி தோற்கடித்துவிடுகிறது. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், இப்படி எதையும் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம். மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் எல்இடி பல்பைப் போட்டால் மட்டும் உள்ளிருக்கும் மின்சுற்று சூட்டில் சீக்கிரம் போய்விடும். காற்றோட்டமான இடம் கொடுக்க வேண்டும்.

விளக்கைப் பெரும்பாலோர் எப்போதோ மாற்றியிருப்பார்கள். இன்னும் மாற்றாமல் கிடப்பது கூரை விசிறி. பழைய வகை விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (தூரிகையில்லாமல் மின்னணுப் பலகையால் இயங்கும்) மோட்டார் விசிறி 30 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் முன்னது 0.9 யூனிட், பின்னது 0.36. இந்த வித்தியாசத்தைப் பழைய விசிறியை அணைத்தே ஈட்ட வேண்டுமென்றால், அந்த 12 மணி நேரத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல் அதை நிறுத்தி வைக்க வேண்டும். வியர்க்க வியர்க்க யார் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்? ஆளில்லாத நேரத்தில் மட்டும் அணைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்தாலும் 0.15 யூனிட்தான் தேறும்.

புதிய விசிறியிலும் குறை உண்டு. பழையது மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். மலிவான சாமான், மாற்றிவிட்டால் மறுபடி ஓடும். பிஎல்டிசி விசிறியில் மின்னணுப் பலகை போனால் பலகையையே மாற்ற வேண்டும், அதுவும் அதே மாதிரிக்குரியது கிடைத்தால்தான். எனவே வாங்கும்போது வாட் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரோடு அதை இணைக்கவும் கூடாது. வேகத்தை மாற்ற அதோடு வரும் ரிமோட்டுக்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் தேடும் பொருள்களின் பட்டியலில் இன்னொன்று சேரும். எங்கள் விசிறிகளில் இதுவரை எதுவும் பலகை கேட்கவில்லை. அவை பழசாகும்போது என் கருத்து மாறலாம்.

தண்ணீரில் பழக்கம் தோற்கும் இடம் இன்னும் தெளிவு. குழாயை மூடு என்று சொல்லலாம். கழிப்பறைத் தொட்டிக்குள் ஓசையில்லாமல் கசியும் நீரிடம் யார் சொல்வது? தொட்டியில் சில சொட்டு வண்ணம் கலந்து, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கிண்ணத்தில் வண்ணம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் அடைப்பு தேய்ந்துவிட்டது. அந்த ரப்பரை மாற்றினால் மிச்சமாகும் தண்ணீர், பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்லிக் குழந்தையை விரட்டி மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாகவே இருக்கும். குழாய் வாயில் திருகும் காற்றுக்கலப்பு வலையும் இப்படித்தான், மாட்டியதும் நீர் குறைவாக வரும், கை கழுவும்போது குறை தெரியாது. உப்பு நீராக இருந்தால் வலையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். வாளி நிரப்பும் குழாயில் இதை மாட்டுவது வீண். வாளிக்கு வேண்டிய தண்ணீர் வேண்டியதுதான், நேரம்தான் கூடும்.

பழக்கமே ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. சூடு சம்பந்தப்பட்டவை அனைத்தும் அதில் அடக்கம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஏறக்குறைய 0.44 யூனிட் வேண்டும். அதே மின்சாரத்தில் முன்னே சொன்ன 9 வாட் பல்பு இரண்டு நாள் எரியும். வேறொரு சாதாரண மின் கீசரை வாங்கினாலும் குறைவான வெந்நீரில் குளிப்பதற்கு அது ஈடாகாது. போன் இல்லாமல் செருகிக் கிடக்கும் சார்ஜருக்காக வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் பலன் உண்டு. அடுப்பிலும் அப்படித்தான்: கொதி வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகும். தீயைத் தணித்து மூடி போடுவதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை நிரம்பிய பின் ஓட்டுவதும், குளிர்ந்த நீரிலேயே ஓட்டுவதும் அதே கணக்கில் வரும்.

இந்தப் பழக்கங்கள் நிலைப்பதற்கும் காரணம் உண்டு. வேலையின் நடுவே, கை அங்கேயே இருக்கும்போது இவற்றைச் செய்கிறோம். அறையை விட்டுக் கிளம்புபவரின் மனம் ஏற்கெனவே அடுத்த அறைக்குப் போய்விட்டிருக்கும். சுவிட்ச் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மறதி அங்கேதான் நடக்கிறது.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தில் நான் அழுத்திப் பேச மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை மின்சாரத்துக்காக மட்டும் மாற்றிய அனுபவம் எனக்கில்லை. கதவு ரப்பரை மட்டும் சோதித்தேன்: ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் அது வழுக்கிக்கொண்டு வரக்கூடாது. எங்களுடையது பிடித்துக்கொண்டது, அதோடு விட்டுவிட்டேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு என் யோசனை கொஞ்சம் மாறும். பல்பையும் குழாய் வலையையும் போகும்போது கழற்றிக்கொள்ளலாம், பழையவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் போதும். விசிறியைக் கழற்றி மாட்ட ஆள் கூலி ஆகும். அடிக்கடி வீடு மாறுபவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில்லை. அதிக நேரம் ஓடுவது எதுவோ அது முதலில். நாங்கள் படுக்கையறையில் தொடங்கி, பிறகு கூடத்துக்கு வந்தோம். விருந்தாளிகள் தங்கும் அறையில் பழைய விசிறிதான் சுற்றுகிறது. எப்போதாவது ஓடுவதற்கு அது போதும், கெட்டுப்போகும் வரை அதை மாற்றும் எண்ணமில்லை.