பெல்லட்: மட்டமாக நிறுத்துவதா, உள்ளே தள்ளுவதா?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறவர்களிடம் ஓயாத தகராறு ஒன்று உண்டு. பெல்லட், அதாவது அதில் போடும் சிறு ஈயக் குண்டு, குழலின் பின்வாயோடு மட்டமாக நின்றால் போதும் என்பது ஒரு கட்சி. ஒன்றரை மில்லிமீட்டராவது உள்ளே போனால்தான் குரூப் (இலக்கில் விழும் ஓட்டைகளின் கூட்டம்) இறுகும் என்பது எதிர்க்கட்சி.

வெடிமருந்துத் தோட்டாவில் இது விளையாட்டான கேள்வி அல்ல. 9 மி.மீ. லூகர் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு 29.69 மி.மீ. நீளம் குறையும்படி குண்டு ஆழமாக இறங்கினால் கூட்டுக்குள் இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். ஏர் பிஸ்டலில் அந்த ஆபத்து இல்லை. போனால் புள்ளிதான் போகும்.

பெல்லட்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பாகம். பாவாடை தலையைவிடச் சற்று அகலம், மெல்லிய ஈயம். காற்று அடித்ததும் அது விரிந்து குழலை அடைக்கும். ஆழம் மாறும்போது முதலில் பாதிக்கப்படுவது இந்தப் பாவாடைதான்.

மட்டமாக நிறுத்த விரலே போதும். 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டிய போட்டியில் அது பெரிய வசதி. பாவாடை நசுங்காமல் இருப்பதால் தடை கூடுதல். ஸ்பிரிங் பிஸ்டலில் (சுருள்வில் விசையால் காற்றை அழுத்துவது) அழுத்தம் ஏறிய பிறகே பெல்லட் நகரும், வேகமும் பொதுவாகக் குறையாது. கெடுவது விரலால். ஒரு தடவை நேராக நிற்கும், மறு தடவை ஒரு பக்கம் சாயும். இம்மியளவு வெளியே துருத்தினாலும் குழலை மூடும்போது பாவாடை நெளியும். நெளிந்த பெல்லட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே தள்ள உருண்டை முனைக் கருவி வேண்டும். கூர்முனைப் பேனாவால் குத்துவது தப்பு, பாவாடையின் உட்புறம் கீறிப்போகும். கருவியில் ஒரு நிறுத்து வளையம் இருந்தால் 60 பெல்லட்டும் ஒரே ஆழத்தில் உட்காரும். பாவாடை முன்கூட்டியே குழலின் அளவுக்கு வந்துவிடுவதால் பெல்லட்டுக்குப் பெல்லட் வேறுபாடு குறையும். ஆனால் தொடக்கத் தடையும் குறைவதால் ஸ்பிரிங் பிஸ்டலில் வேகம் சற்று இறங்கலாம், குரூப் இடம் மாறலாம். குறிபார்க்கும் சைட்டைத் திருத்தியாக வேண்டும். அளவுக்கு மீறித் தள்ளினால் பின்னால் காலி இடம் கூடி வேகம் வீணாகும். எந்த முறையானாலும், விரல் உள்ளே இருக்கும்போது குழலையோ லீவரையோ மறுகையால் பிடித்திருக்க வேண்டும்.

போல்ட் (பெல்லட்டைத் தள்ளி உட்கார்த்தும் தண்டு) கொண்ட அழுத்தக்காற்று பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இந்தச் சண்டையில் இறங்கவே வேண்டாம். அங்கே ஆழத்தைத் தீர்மானிப்பது போல்ட் முனை.

ஸ்பிரிங் பிஸ்டலுக்கு எங்கள் ஓட்டு கருவிக்கே. ஆழத்துக்காக அல்ல, ஒரே மாதிரி உட்காருவதற்காக. சந்தேகமிருந்தால் பிஸ்டலை மணல்மூட்டையில் தாங்கி, இரண்டு முறையிலும் மாற்றி மாற்றி ஐந்தைந்து குரூப், குரூப்புக்கு 5 பெல்லட் சுடுங்கள். ஓட்டைகளின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு வெர்னியரால் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான பரவல் கிடைக்கும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. தாங்கலில் வெளி அளவு 8 மி.மீ.க்குள் அடங்கினால், மிச்சக் குறை கையில் இருக்கிறது. பெல்லட்டைத் திட்டிப் பயனில்லை.

ஆழத்தைவிடப் பெரிய வித்தியாசம் தலையளவு தருவதும் உண்டு. 4.49 மி.மீ., 4.50 மி.மீ. இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, இதே சோதனையில் பாருங்கள். எடை பார்க்க வடசேரி நகைப் பட்டறைகளில் புழங்கும் மில்லிகிராம் தராசு வகையே போதும். 0.45 கிராம் என்று போட்ட டப்பாவில் விலகி நிற்பவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

குமரி மாவட்டத்துக்குத் தனிக் கவலை ஈரம். ஆனி மழை, ஐப்பசி மழை, நடுவே குளச்சல் பக்கம் உப்புக்காற்று. திறந்து கிடக்கும் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பூத்த பெல்லட்டை எவ்வளவு கவனமாக உட்கார வைத்தாலும் சீராகப் போகாது. மரப்பெட்டியும் கூடாது, மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவே நல்லது. வீட்டில் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டுகிறதே என்று பெல்லட்டில் தடவாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்துக் குழலில் ஒட்டும், பேச்சிப்பாறைப் பக்கத்து மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும்.

பெல்லட் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் ஏத்தம்பழ பஜ்ஜி.