சிவகங்கையா, சாவனதுர்காவா?

பெங்களூரில் அல்சூர், ராமமூர்த்தி நகர்ப் பக்கம் இருக்கும் நம் தமிழர்கள் மலை என்றாலே நந்தி மலைக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் மலை என்று அதன் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் உச்சி வரை கார் போகிறதே! வேர்க்க விறுவிறுக்க ஏறி, சாமியும் கும்பிட்டு வர வேண்டுமென்றால் போட்டி டாபஸ்பேட்டை சிவகங்கைக்கும் மாகடி சாவனதுர்காவுக்கும்தான். இரண்டுமே நகரத்திலிருந்து சுமார் 50, 60 கிலோமீட்டர்.

சாவனதுர்கா 1,226 மீட்டர். ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைப் பாறைகளில் ஒன்று என்பார்கள். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு மேடு. ஏறுவது கரிகுட்டாவில். படி கிடையாது, வழுக்குப் பாறைச் சரிவுதான். ஏறுவதை விட இறங்கும்போதுதான் முழங்கால் கேள்வி கேட்கும். வழியில் பழைய கோட்டைச் சுவர்கள் வரும். 1791இல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிடித்த கோட்டை இது. வீரபத்திரரும் நரசிம்மரும் அடிவாரத்திலேயே இருக்கிறார்கள், உச்சியில் சின்ன நந்தி மண்டபம் மட்டும். மழை நாளில் வேண்டவே வேண்டாம். பஸ்ஸும் குறைவு.

சிவகங்கையில் மலையே கோயில். கங்காதரேஸ்வரர், ஹொன்னாதேவி, பாதாள கங்கை என்று ஏற ஏற ஏதாவது ஒரு சன்னிதி. கங்காதரேஸ்வரர் லிங்கத்தின் மேல் தேய்க்கும் நெய் வெண்ணெயாகிவிடும் என்பது நம்பிக்கை. ஒளகல் தீர்த்தத்தில் பாறைக் குழிக்குள் கைவிட்டுத் தண்ணீர் தொட்டுவிட்டால் ஜென்மம் கடைத்தேறியது என்று வரிசையில் நிற்பார்கள். எல்லோர் கைக்கும் எட்டாது. அதற்கு மேல்தான் நிஜமான ஏற்றம்: பாறையில் செதுக்கிய செங்குத்துப் படி, இரும்புக் கம்பிப் பிடி. உச்சிக்கருகே ஒற்றைக்கல் நந்தி. ஹொய்சள அரசி சாந்தலா 1131இல் இங்கேதான் இறந்தாள் என்று கல்வெட்டு சொல்கிறது. பாறையிலிருந்து குதித்தாள் என்பது ஊர்க்கதை. அந்த விளிம்பில் போய் நின்றால் கதையை நம்பத் தோன்றும்.

குரங்குத் தொல்லைதான் பெரிய குறை. கையில் பிஸ்கட் பை தெரியக் கூடாது.

என் ஓட்டு சிவகங்கைக்கே. அம்மா அப்பா கீழ்க் கோயிலோடு நின்றுகொள்ளலாம், பிள்ளைகள் மேலே போகலாம். துமகூரு பஸ்ஸில் டாபஸ்பேட்டையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். வயசும் முழங்காலும் சரியாக இருந்து, கூட நாலு பேரும் இருந்தால், அப்புறம் ஒரு குளிர்காலத்தில் சாவனதுர்கா.