டைனமோவா, ஆல்டர்னேட்டரா: பழைய மாஸி ஃபெர்குசனில் சார்ஜ் ஏறாதபோது

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பேனர் லேன் ஆலையிலிருந்து 1964-ல் வெளிவரத் தொடங்கிய மாஸி ஃபெர்குசன் 135, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இஞ்சினுக்காகவே இன்றும் பேசப்படுகிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, அதன் தொடக்ககால வண்டிகளில் லூகாஸ் நிறுவனத்தின் சி40 வகை டைனமோ (நேர்மின்சாரம் தரும் பழைய வகை ஜெனரேட்டர்) பொருத்தப்பட்டது. பிற்கால வண்டிகளில், மாறுமின்சாரத்தை உண்டாக்கி உள்ளிருக்கும் டயோடுகளால் நேர்மின்சாரமாக மாற்றும் ஆல்டர்னேட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் தயாரித்ததால், இந்தக் குடும்பத்து வண்டிகளின் சார்ஜிங் பிரச்சினை நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் பழக்கமானதே. சார்ஜ் ஏறவில்லை என்றதும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டைனமோவைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, அல்லது கழற்றிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா?

டீசல் இஞ்சின் ஒருமுறை பற்றிக்கொண்டால் மின்சாரம் இல்லாமலே ஓடும் என்பதால், சார்ஜ் நின்றுபோனது பல நாட்கள் தெரியாமலே இருந்துவிடும்; ஒரு விடியற்காலையில் செல்ஃப் சுற்ற மறுக்கும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. அதற்குள் பேட்டரியும் பாதி கெட்டிருக்கும். ஆகவே முதலில் பேட்டரியை வெளியே வைத்துச் சார்ஜ் ஏற்றி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியின் மீது பழி போட வேண்டும். பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். பாடி எர்த் வயரின் முனை துருவின்றி உலோகத்தை நேரடியாகத் தொட வேண்டும். சேற்றுழவில் ஊறிய வண்டிகளில் பாதிப் பிரச்சினை இந்த இரண்டிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

அதற்கும் மேல் குறை இருந்தால், டைனமோவின் பக்கம் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு வயரும் இருந்தால் குறை டைனமோவிலா, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியிலா என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். டைனமோவின் பெரிய 'டி' முனையிலும் சிறிய 'எஃப்' முனையிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் வயர்த் துண்டால் ஒன்றாக இணைத்து, இணைப்புக்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வைத்து இஞ்சினை மெல்ல வேகப்படுத்த வேண்டும். வோல்ட் தடையின்றி ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டை எட்டும் முன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் மின்சாரத்தை வெளியே எடுக்கும் கார்பனையும், அது உரசும் செப்பு வளையமான காமுடேட்டரையும் பார்க்க வேண்டும். அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரையில் நின்றுவிட்டால், காந்தத்தில் மிச்சமிருக்கும் சக்தி மட்டுமே வேலை செய்கிறது, காந்தப்புலத்தை உண்டாக்கும் பீல்டு காயிலில் குறை என்று பொருள். நான்கைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் சுருளான ஆர்மேச்சர் மீது சந்தேகம் விழ வேண்டும். பீல்டு காயிலின் தடை சி40-ல் சுமார் 6 ஓம் இருக்கும் என்பதால், பீல்டு காயில் மீதான சந்தேகத்தை இஞ்சினை ஓட்டாமலே உறுதிசெய்துகொள்ளலாம்.

இந்த முடிவுதான் செலவையும் தீர்மானிக்கிறது. கார்பன் தேய்ந்ததும் காமுடேட்டர் கறுத்ததும் சிறு செலவில் தீரும் குறைகள். பின்பக்க புஷ்ஷுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டாலே (அதற்கு மேல் விட்டால் அது கார்பனில் போய்ச் சேரும்) பல ஆண்டு ஓடும். ஆர்மேச்சர் எரிந்துபோயிருந்தால் கதை வேறு. ரீவைண்டிங் செய்பவரின் கைநேர்த்தியைப் பொறுத்தே அந்த வேலையின் ஆயுள் அமைகிறது, அத்தகைய கைகளும் இப்போது அருகிவருகின்றன.

கட்அவுட் பெட்டி டைனமோவின் பலவீனமான பக்கம். அதனுள் இரண்டு சுருள்கள் உள்ளன: ஒன்று வோல்ட்டை அளவோடு வைத்திருக்கிறது; மற்றொன்று டைனமோவின் வோல்ட் சுமார் 13-ஐத் தொடும்போது மட்டும் பேட்டரியோடு இணைத்து, வேகம் தணிந்ததும் துண்டிக்கிறது. துண்டிக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால், இஞ்சினை நிறுத்திய பிறகும் பேட்டரி டைனமோ வழியாகவே வடிந்து, ஆர்மேச்சரையும் எரித்துவிடும். நிறுத்திய வண்டியில் ஆம்ப் மீட்டரின் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தே கிடந்தால் உடனே பேட்டரியின் கிளாம்பைக் கழற்ற வேண்டும். பலரும் செய்யும் தவறு, பெட்டியைத் திறந்ததும் ஸ்குரூவைத் திருகுவது. முதலில் தொடுமுனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அதிலும் கட்அவுட்டின் வெள்ளி முனைகளை எமரித் தாளால் தேய்க்கக் கூடாது, கண்ணாடித் தூள் ஒட்டிய மெல்லிய தாளே போதும். டைனமோவைப் பிரித்து வேலை பார்த்து மாட்டிய பிறகு, பழைய துருவம் நிலைக்கும்படி 'எஃப்' வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, பேட்டரியின் பாடியோடு இணையாத முனையோடு ஒரு கணம் தொடவைத்து எடுப்பதும் மறக்கக் கூடாத வேலை.

ஆல்டர்னேட்டரின் பக்கம் பார்த்தால், லூகாஸின் ஏசிஆர் வகைகளில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி உள்ளேயே அடங்கியிருப்பதால், கட்அவுட் பெட்டி என்ற தலைவலியே இல்லாமல் போகிறது. 17ஏசிஆர் 36 ஆம்பியர் தருகிறது. அதைவிட முக்கியமாக, இஞ்சின் ஐடிலில் ஓடும்போதே சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால் மாற்றும் வேலை ஒரு பொருளைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதோடு முடிவதில்லை. டைனமோவுக்கென்று போட்ட பழைய வயர் அந்த ஆம்பியரைத் தாங்காது. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சாலினாய்டு வரை தனியாகத் தடித்த வயர் ஓட்ட வேண்டும். 30 ஆம்பியர் வரையே அளவு போட்ட பழைய ஆம்ப் மீட்டரை வழியிலிருந்து விலக்கிவிட்டு, வோல்ட் மீட்டர் வைப்பது நல்லது. சார்ஜ் லைட் டைனமோவில் வெறும் அறிவிப்புதான். ஆல்டர்னேட்டரிலோ அந்தச் சின்ன பல்பின் வழியே போகும் மின்சாரம்தான் அதை எழுப்பிவிடுகிறது என்பதால், பல்பு ஃபியூஸானால் சார்ஜும் நின்றுவிடலாம். இதை அறியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1950-களின் பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் அந்த நொடியிலேயே போய்விடும். ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் சோதிக்கும் பழக்கத்தையும் அத்தோடு விட்டுவிட வேண்டும். வெல்டிங் செய்யும்போது ஆல்டர்னேட்டரின் வயர்களைக் கழற்றிவைக்க வேண்டும். ஃபோர்ட்சன் டெக்ஸ்டா போன்ற வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டரின் கேபிள் டைனமோவின் பின்புறத்திலிருந்தே சுழற்றப்படுவதால், டைனமோவை எடுத்தால் மீட்டரும் ஊமையாகிவிடும். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டான பிடிஓ-வை நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்ட அந்த மீட்டரையே நம்பியிருப்பவருக்கு இது சிறிய இழப்பல்ல.

பழைய கட்அவுட் பெட்டியின் உள்ளே எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை மறைத்துவைப்பது மூன்றாவது வழி. டைனமோ நலமாக இருந்து, பெட்டி மட்டும் கெட்டிருந்தால் இது நல்ல தீர்வு; ஆனால் டைனமோவின் ஆம்பியர் இதனால் கூடிவிடாது.

எவ்வளவு ஆம்பியர் உண்மையில் வேண்டும் என்று கணக்குப் போட்டால் வாதத்தின் பாதி தணிந்துவிடும். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, பின்னால் 55 வாட் விளக்கு ஒன்று, டெயில் லைட்டுகள் என்று சேர்த்தால் ஏறத்தாழ 13 ஆம்பியர் ஆகிறது. சி40-யின் 22 ஆம்பியர் வகைக்கு இது கடினமில்லை. டிராக்டர்களுக்கென வந்த 11 ஆம்பியர் வகைக்கோ இரவு முழுவதும் பேட்டரியிடம் கடன்தான். அதே விளக்குகளை 18 வாட் எல்இடி-களாக மாற்றினால் மொத்தமும் ஐந்து ஆம்பியருக்குள் அடங்கும், அப்போது அந்தச் சிறிய டைனமோவும் போதுமானதாகிவிடுகிறது. ஆல்டர்னேட்டருக்குப் பணம் எடுத்துவைப்பவர்கள் முதலில் விளக்கை மாற்றிப் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பகலில் உழவும் டிப்பரும் மட்டுமே பார்க்கும் வண்டியில், சோதனை கார்பனையோ பெட்டியையோ காட்டினால் டைனமோவையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மேச்சர் எரிந்திருந்தாலோ, வண்டி நாள் முழுதும் ஐடிலில் நின்று நின்று ஓடி அடிக்கடி செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தாலோ ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். மாற்றிய பின் நடு வேகத்தில் பேட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கழற்றிய டைனமோவையும் பெட்டியையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொட்டகையில் எடுத்துவையுங்கள். வண்டியைப் பழைய வடிவிலேயே கேட்டு வருபவர் அவற்றையும் சேர்த்தே கேட்பார்.