டெல்லியிலிருந்து பைக்கை ஊருக்கு அனுப்பப் போகிறீர்களா? 26,800 ரூபாய் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

முந்தாநாள் சாயங்காலம் மதுரைக்கு வெளியே ஒரு கோடவுன் வாசலில் என் வண்டியைப் பார்த்தேன். ஹெட்லைட் கண்ணாடி உடைந்திருந்தது. இடது பக்க சைடு மிர்ரர் தண்டோடு காணோம். டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். சாவியைப் போட்டு மீட்டரைப் பார்த்தேன். டெல்லியில் ஒப்படைத்தபோது நான் எடுத்து வைத்திருந்த போட்டோவில் இருப்பதைவிட 312 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். யாரோ பெட்ரோல் போட்டு என் வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். இந்த அழகுக்கு நான் கொடுத்த பணம் 26,800 ரூபாய். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். இந்த மாதம் யாராவது தனியாக வடக்கே வண்டியில் கிளம்புகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை, தேசிய நெடுஞ்சாலை 44. நம் நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். வண்டிக்குக் கடைசி இஎம்ஐ கட்டி முடித்த அன்றே இந்தப் பயணத்தை முடிவு செய்தேன். போக 16 நாள் எடுத்துக்கொண்டேன். கர்நூல், ஹைதராபாத், ஆதிலாபாத், நாக்பூர் என்று ஒவ்வொரு ஊராக மெதுவாகத்தான் போனேன். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே விடிகாலையில் போனது என் வாழ்க்கையின் நல்ல காலைகளில் ஒன்று. சம்பல் ஆற்றைப் பாலத்தில் கடந்தது, செனானி நஷ்ரி சுரங்கத்துக்குள் ஒன்பது கிலோமீட்டர் வெளிச்சம் பார்க்காமல் போனது, இதையெல்லாம் எழுத எவ்வளவு ஆசைப்பட்டேன். அந்தப் பதிவு வர வேண்டிய இடத்தில் இது வருகிறது. அதுவே எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

ஒரு விஷயத்தை மட்டும் பயணத்திலிருந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்ததற்கு அதுதான் வேர். வேறு மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். எனக்கு இது தெரியாது. லக்கன்பூர் எல்லை தாண்டியதும் போன் செத்துவிட்டது. தங்கிய இடத்தில் வைஃபை கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப், அவ்வளவுதான். ஆறு நாள் அப்படிப் போனது. அதற்கு முன்னாலும் கர்நூல் தாண்டியதிலிருந்து தமிழில் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. அரைகுறை இந்தியில் ரூம் கேட்டு, சாப்பாடு கேட்டு, வழி கேட்டு நாக்கு களைத்துப் போயிருந்தது. திரும்பும்போது மழையில் நனைந்து முட்டியும் வலி. லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது. டெல்லிவரை ஓட்டிவந்து, வண்டியை ஏதாவது டிரான்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டு நான் ரயில் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

பஹார்கஞ்சில் ரூம் போட்டு, பொருள் ஏற்றி அனுப்பும் கம்பெனிகளின் பட்டியல் தரும் ஒரு பெரிய ஆப்பில் என் நம்பரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஆறு போன். ஐந்தும் இந்தி. ஆறாவது போனில் ஒரு குரல்: "வணக்கம்க்கா, மதுரைக்கா அனுப்பணும்? நான் தேனிப் பக்கம்தான்க்கா."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தனியாகவா வந்தீர்கள், அம்மா எப்படி விட்டாங்க, எந்த வண்டி, எத்தனை நாள் என்று அக்கறையாகக் கேட்டான். "நம்ம ஊர்ப் பொண்ணு ஸ்ரீநகர் வரைக்கும் ஓட்டியிருக்குன்னா சும்மாவாக்கா, உங்க வண்டிய நான் என் வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றான். மற்றவர்கள் 9,000, 10,000 சொன்ன இடத்தில் 7,500 சொன்னான். ஏழே நாளில் வீட்டு வாசலில். அந்த ஆப்பில் அவன் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டது என்று பச்சை டிக் வேறு. நான் அந்த டிக்கைப் பார்த்து நம்பவில்லை. தமிழைக் கேட்டு நம்பினேன். அக்கா என்ற ஒரு சொல்லுக்குத்தான் பணம் கொடுத்தேன்.

முன்பணம் 3,000. மறுநாள் காலையில் இரண்டு பையன்கள் குட்டி யானையோடு வந்தார்கள். பபுள் ஷீட், அட்டை எல்லாம் சுற்றி வீடியோ எடுக்கச் சொன்னார்கள். "ஹேண்டில் லாக் எடுக்கணும், சாவி கொடுங்க" என்றார்கள், கொடுத்தேன். மீதி 4,500 கொடுத்தேன். கியூஆர் கோடில் கம்பெனி பெயர் வரவில்லை, ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "ஓனர் பேருக்கா" என்றான். சரி என்றேன். பில்டி, அதாவது சரக்கு ஒப்படைத்ததற்கான ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. சீல், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். மறுநாள் நாக்பூர் நெருங்கும்போது போன். இன்சூரன்ஸ் டெபாசிட் 8,500 கட்ட வேண்டுமாம். கட்டாத வண்டியை லோடு லாரியில் ஏற்ற மாட்டார்களாம். "வண்டி கைக்கு வந்த அன்னிக்கே முழுசா திரும்ப வந்துரும்க்கா, நான் கேரண்டி." வண்டி அவர்கள் கையில், நான் ஓடும் ரயிலில், சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. அனுப்பிவிட்டேன். அன்று அந்த ஜன்னல் வழியே நான் ஓட்டிவந்த ஊர்களெல்லாம் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் ஆந்திரா எல்லையில் லாரி நிற்கிறதாம், என்ட்ரி டாக்ஸ் 6,200 வேண்டுமாம். மாநில நுழைவு வரியெல்லாம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே அதற்குள் போய்விட்டது, வணிகவரி செக்போஸ்ட்களையும் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டு நம்பர் வண்டி தன் சொந்த ஊருக்குத் திரும்புவதற்கு எந்த மாநிலம் நுழைவு வரி கேட்கும்? இப்போது கேட்கத் தெரிகிறது. அன்று "ஒரு நாளைக்கு ஆயிரம் பெனால்டி ஏறுதுக்கா" என்று சொன்னதும் அனுப்பினேன். இந்த 6,200தான் என்னால் என்னை மன்னிக்க முடியாத 6,200.

அதற்கப்புறம் அவன் பேச்சே மாறியது. அக்கா போய் மேடம் வந்தது. ஒருநாள் "டிரைவர் போன் எடுக்கல மேடம்." இன்னொரு நாள் "நான் புக்கிங் மட்டும்தான் மேடம், ஆபரேஷன்ல கேளுங்க." ஆபரேஷன் நம்பரில் இந்தி பேசுகிற ஒரு பெண், 24 மணி நேரத்தில் கூப்பிடுவதாக நான்கு முறை சொன்னாள். அப்புறம் அவன் நம்பரில் ரிங் போகும், கட் ஆகும். ஒருநாள் அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், உடனே எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. என் நம்பரை பிளாக் செய்திருக்கிறான்.

23ஆம் நாள் யாரோ கூப்பிட்டு வண்டி கோடவுனில் இருக்கிறது, நான்கு நாளாச்சு, வாடகையும் இறக்கு கூலியும் சேர்த்து 4,600 கொண்டு வாங்க என்றார்கள். வந்ததை ஏன் சொல்லவில்லை என்றால் "எங்களுக்கு இன்னிக்குத்தான் நம்பர் கொடுத்தாங்க." வீட்டு வாசலில் இறக்குவதாகப் பேச்சு என்றால் "அது எங்களுக்குத் தெரியாதுங்க." கட்டினேன். 7,500, 8,500, 6,200, 4,600. மொத்தம் 26,800 ரூபாய். உடைந்தவற்றுக்கு ஆகும் செலவு தனி. திரும்ப வரும் என்ற டெபாசிட்டைக் கேட்டால், கோடவுன்காரர் டெல்லியைக் கேளுங்கள் என்கிறார். டெல்லி போனை எடுப்பதில்லை.

பட்டியல் தரும் ஆப்புக்கு எழுதினேன். நாங்கள் தகவல் தருகிறவர்கள் மட்டுமே, உங்கள் இருவருக்கும் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில். பச்சை டிக் போட்டது யார் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. நான் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனம் விதிமுறைக்கு மாறானது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. அந்தக் கம்பெனி இன்னும் பச்சை டிக்கோடு அங்கேயே இருக்கிறது. இன்று யார் அங்கே நம்பர் போடுகிறார்களோ.

போலீஸ் ஸ்டேஷனில் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "வண்டிதான் வந்துருச்சேம்மா" என்றார். சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசி புகார் நம்பர் வாங்கியிருக்கிறேன். பணம் போன கையோடு கூப்பிட்டிருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்துவிட்டேன். நேற்று ராத்திரி அந்த பிடிஎஃபில் இருந்த ஜிஎஸ்டி நம்பரை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். ரத்து செய்யப்பட்ட நம்பர். டெல்லி என்றால் 07இல் தொடங்க வேண்டும், இது அப்படியும் இல்லை. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஹார்கஞ்சில் அந்த ஒரு நிமிடம் எனக்கு இல்லாமல் போனது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. ஜிஎஸ்டி நம்பரைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தனி ஆள் பெயர் வரும் கியூஆருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வண்டி ஏறிய பிறகு கேட்கும் எந்தப் பணமும் பொய், டெபாசிட் என்றாலும் டாக்ஸ் என்றாலும். முடிந்தால் ரயில்வே பார்சல் ஆபீசுக்கே நேரில் போங்கள். ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் வேண்டும், டேங்க் காலியாக இருக்க வேண்டும், பேக்கிங் நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ரசீது கையில் இருக்கும். மீட்டர் போட்டோ கட்டாயம் எடுங்கள், வண்டியை யாரோ ஓட்டியதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். ஜம்மு போகிறவர்கள் போஸ்ட்பெய்டு சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். இதே மாதிரி தமிழில் அக்கா, அண்ணா என்று பேசிய ஆளிடம் யாராவது டெல்லியில் மாட்டியிருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போகலாம். ஹெட்லைட் இல்லாமல் ஓட்ட முடியாது, காலையில் கடை திறந்ததும் மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.